இருபத்திரண்டாவது ராஜினாமா

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஒரு தாளை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆடாமல் நிற்கும். வேண்டாத காகிதம் ஏதாவது இருந்தால் கொடுங்கள், நானே வைத்துக்கொள்கிறேன். கோணலாக உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது.

நன்றி. இப்போது சரியாக இருக்கிறது. டீ வேண்டாம், வரும்போதே குடித்துவிட்டேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: நடுவில் குறுக்கே பேசாதீர்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது அடிப்படை மரியாதை. நான் வாழ்நாள் முழுக்க அதைக் கடைப்பிடித்தவன்.

எங்களுடையது சலவை ஆலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு என்று வண்டி வண்டியாக வரும். ஒரு வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு இறக்குவோம், மறு வாசலில் வெள்ளை வெளேரென்று ஏற்றி அனுப்புவோம். முந்நூறு பேர் வேலை செய்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் பெண்கள். நான் அங்கே பணியாளர் மேலாளர். ஆள் எடுப்பது, அனுப்புவது, விடுப்பு, புகார், கண்ணீர், கும்பிடு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இருபத்து நாலு வருடமாக ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை.

எங்கள் தலைமை நிர்வாகியை நாங்கள் பெரியவர் என்போம். அவருடைய சம்பளத்தைப் பற்றி உங்களுக்கும் ஏதாவது கருத்து இருக்கும். எல்லாருக்கும் இருக்கிறது. போன வருட ஆண்டறிக்கையில் அது அச்சாகி வந்தபோது, இஸ்திரிப் பிரிவில் ஒரு பெண் முந்நூற்றுப் பத்து வருடம் வேலை செய்தால் பெரியவரின் ஒரு வருடச் சம்பளம் வரும் என்று யாரோ கணக்குப் போட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் சொல்ல, கூடமே சிரித்தது. யாரோ என்ன, என் அண்ணிதான். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து உருளைக்குள் தள்ள ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். நாளைக்கே முந்நூறு பேர் வேலையை விட்டுப் போனால் நாளன்றைக்கு வாசலில் அறுநூறு பேர் நிற்பார்கள். பெரியவர் போனால் யார் நிற்பார்கள்? கிடைப்பதற்கு அரிதான ஆளுக்கு விலை அதிகம். காய்கறிச் சந்தையில் இதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். மனிதர்கள் என்று வந்தால் மட்டும் மூக்கைச் சிந்துகிறார்கள்.

குறைந்தபட்சக் கூலி என்று அரசு ஒன்றை வைத்திருக்கிறது. அதை நாங்கள் ஒருநாளும் மீறியதில்லை. பயிற்சியில் இருப்பவருக்கு அந்தக் கூலி பொருந்தாது, ஆனால் ஒருவரை ஆறு மாதத்துக்கு மேல் பயிற்சியில் வைக்கக் கூடாது. இரண்டுமே சட்டத்தில் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு பெண்ணும் ஆறு மாதம் முடிவதற்குள் ராஜினாமா எழுதிக் கொடுப்பாள், ஒரு நாள் வீட்டில் இருப்பாள், மறுநாள் புதுப் பயிற்சியாளராக வந்து சேருவாள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான். படிவத்தைக்கூட நானே தயார் செய்தேன், பெயரும் தேதியும் கையெழுத்தும்தான் பாக்கி.

பெண்கள் அந்த ஒரு நாளைச் சாவு நாள் என்பார்கள். "அவ எங்கடி?" என்று கேட்டால், "இன்னைக்குச் செத்துட்டா, நாளைக்குப் பொறந்து வந்துடுவா" என்பார்கள். கேலிதான். நானும் சிரித்திருக்கிறேன்.

அடுத்தது பலகை. நீங்கள் ஆலைக்கு வந்தபோது வாசலிலேயே கண்ணில் பட்டிருக்கும். விபத்தில்லா நாட்கள் என்று எழுதி, கீழே எண்ணை மாட்டுகிற பலகை. தினமும் காலையில் முதல் வேலையாக எண்ணை மாற்றுவது நான். வேறு யாரையும் தொட விட்டதில்லை. ஊழியர் ஒருவருக்கு அடிபட்டால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஆயிரத்தை எட்டினால் பெரியவருடைய சம்பளத்தில் பாதி அளவுக்கு மேற்கொண்டு ஊக்கத்தொகை உண்டு என்று அவருடைய ஒப்பந்தத்தில் இருக்கிறது. பெண்களின் பாதுகாப்பில் தலைமைக்கு அக்கறை வர வேண்டும் என்பதற்காகப் பங்குதாரர்கள் வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்றுதான் இன்றும் சொல்வேன். எனக்கும் துணைத் தலைமைப் பதவி தருவதாகப் பெரியவர் தோளில் தட்டிச் சொல்லியிருந்தார்.

இப்போது அண்ணியைப் பற்றிச் சொல்கிறேன்.

என் அண்ணனின் மனைவி. அண்ணன் போனபோது அவருக்கு முப்பத்து நாலு வயது, கையில் ஒரு பெண் குழந்தை. சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். வேலை கொடுத்தவன் நான் ஒருத்தன்தான். அதை யாரும் மறுக்க முடியாது. முதல் முதலாக நான் இந்த ஆலைக்கு நேர்காணலுக்குப் போன அன்று என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவர் அவர். கழுத்துப்பட்டையை மட்டும் இரண்டு தடவை தேய்த்தார். அந்த நன்றி எனக்கு இருக்கிறது.

பதினோரு வருடம் அவர் எட்டாம் எண் இஸ்திரி உருளையில் இருந்தார். அதாவது பதினோரு வருடம் பயிற்சியில் இருந்தார். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வேலை சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நன்றாகச் சொல்லிக் கொடுப்பார், அதில் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் என்னைத் தம்பி என்பார். ஆலையில் சார் என்பார். அப்படி நான் சொல்லவில்லை, அவராகவே அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டார்.

ஆனால் வாய் சும்மா இருக்காது. செய்தித்தாளைத் தேடித் தேடிப் படிப்பார். சட்டம் பேசுவார். வக்கீலம்மா என்று பட்டப்பெயர். அரசு கூலியை உயர்த்தி ஆணை போட்டது பேப்பரில் வந்ததும் அதைக் கத்தரித்துத் தன் சாப்பாட்டு டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிக்கொண்டார். தினமும் மதியம் மூடியைத் திறந்து நிமிர்த்தி வைப்பார். சுற்றி உட்கார்ந்திருக்கிற இருபது பேரும் படித்துக்கொண்டே சாப்பிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கொடுத்த வேலையில் உட்கார்ந்துகொண்டு என் கண்ணிலேயே விரலை விட்டு ஆட்டுவது என்றால் அதுதான்.

அதற்கு அடுத்த வாரம் அவருடைய ஆறு மாதம் முடிய இருந்தது. இருபத்திரண்டாவது ராஜினாமா. படிவத்தில் பெயரையும் அன்றைய தேதியையும் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போனேன். படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த வாட்டி வேணாம் சார். ஆறு மாசம் தாண்டினா நான் பயிற்சி இல்லைன்னு போட்டிருக்கு. தாண்டித்தான் பாக்கறேனே."

"நீங்க ஒருத்தர் தாண்டினா எல்லாரும் தாண்டுவாங்க அண்ணி."

"தாண்டட்டுமே. பெரியவரு ஒருத்தரைத் தூக்கிச் சுமக்க முந்நூறு பேர் குனிஞ்சு நிக்கறோம். முதுகு வலிக்குது தம்பி."

அந்தத் தம்பி எனக்குப் பிடிக்கவில்லை. வேலை நேரத்தில் உறவை இழுக்கக் கூடாது. படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று பலகையில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.

மறுநாள் காலையில் தொண்ணூற்றொன்று மாட்டினேன். பதினோரு மணிக்கு இருபது நிமிடம் டீ இடைவேளை. மற்றவர்கள் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு அவசரமாகத் தலையணை உறை வேண்டும் என்று அண்ணியை மட்டும் நிற்கச் சொல்லியிருந்தேன். அவசரம் ஒன்றும் இல்லை. தனியாகப் பேச வேண்டியிருந்தது.

எட்டாம் எண்ணைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டும். ஆவியில் சூடாகிற இரண்டு உருளைகள். துணியை நடுவில் நீட்டினால் இழுத்துக்கொண்டு மறுபக்கம் தேய்த்துத் தள்ளும். முன்னால் இடுப்பு உயரத்தில் ஒரு காப்புக் கம்பி இருக்கிறது, கை அதைத் தாண்டி உள்ளே போனால் கம்பி தட்டி இயந்திரம் நின்றுவிடும். விரிப்பு பெரியது, தூரத்திலிருந்தே தள்ளலாம். உறை சின்னது, கை கிட்டே போகும், கம்பி தட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவை நின்று மறுபடி ஓட நாலு நிமிடம் வீண். ஆகவே அந்தக் கம்பியைத் துணிக் கிழிசலால் மேலே தூக்கிக் கட்டியிருந்தது. பெண்கள் தாங்களாகவே கட்டிக்கொண்டார்கள் என்று என் அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அது சரியல்ல. கட்டச் சொன்னது நான். அவர்கள் தளர்வாகக் கட்டினார்கள், அதனால் நானே அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன்.

இன்னொன்று. துணி சிக்கினால் உருளையைத் தூக்க ஒரு சாவி உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கவாட்டிலும் கொக்கியில் தொங்கும். சிக்கியது என்று சாக்குச் சொல்லி உருளையைத் தூக்கிவிட்டு இவர்கள் முதுகை நிமிர்த்திக்கொண்டு நிற்பதைக் கண்டுபிடித்து, எட்டுச் சாவியையும் வாங்கி என்னிடம் வைத்துக்கொண்டேன். எத்தனை மணிக்கு நிற்கிறது, எத்தனை மணிக்கு உருளை தூக்கப்படுகிறது என்று தானாகக் குறித்துக்கொள்கிற கருவியையும் பொருத்த வைத்தேன். அந்தக் கருவியில் எடுத்த தாள்தானே உங்கள் கையில் இருப்பது. தெரிகிறது, பேசாமல் வையுங்கள். நானே வருகிறேன்.

நான் பக்கத்தில் போய் நின்று படிவத்தை நீட்டினேன். அவர் வேலையை நிறுத்தவில்லை, முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"நேத்தே சொல்லிட்டேனே. எம் பொண்ணு கேக்கறா, ஏம்மா நீ எப்ப வேலை கத்துக்கிட்டு முடிப்பேன்னு. நான் என்ன பதில்..."

பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய வலது கைச் சட்டையின் ஓரம் உருளையில் பிடித்தது. நான் பார்த்தேன். நிறுத்துகிற சிவப்புக் கயிறு என் தலைக்கு மேலே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. சட்டை ஓரத்துக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே மூன்று நொடி இருக்கும். அவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அப்புறம் கயிற்றை இழுத்தேன்.

இயந்திரம் நின்றது. உருளை நின்ற இடத்தில் கை இருந்தது, முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை. இயந்திரம் நின்றாலும் உருளை ஆறுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்பது அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும்.

அண்ணி கத்தினார். அந்தப் பக்கம் துவைக்கிற இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவனுக்கே பாதிதான் கேட்கும். "தம்பி, சாவி" என்றார். சாவிக் கொத்து என் கால்சட்டைப் பையில் இருந்தது. படிவம் கையில் இருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் என்னைத் தவறாக நினைக்கக் கூடாது. நான் பதறவில்லை, அதுதான் விஷயம். பதறியிருந்தால் சாவியைப் போட்டுத் திறந்திருப்பேன், யாருக்கும் பயன் இருந்திருக்காது. கை எப்படியும் போய்விட்டது. அது மருத்துவர் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. பலகை பூஜ்யத்துக்குப் போகும். பெரியவருக்கு ஊக்கத்தொகை இல்லை, எனக்குப் பதவி இல்லை, விசாரணை வரும், ராஜினாமா வழக்கமும் வெளியே வரும், முந்நூறு குடும்பத்தின் வயிற்றில் மண் விழும். படிவத்தில் இருந்ததோ நேற்றைய தேதி. நேற்று வேலையை விட்ட ஒருவர் இன்று ஊழியர் இல்லை. நான் திட்டம் எதுவும் போடவில்லை. எல்லாம் தயாராகத்தான் இருந்தது, ஒரு கையெழுத்து மட்டும்தான் குறைந்தது.

அதை அவரிடம் விளக்கிச் சொன்னேன். கையெழுத்துப் போட்டால் உடனே திறக்கிறேன், நானே செலவு செய்து வைத்தியம் பார்க்கிறேன், பெண்ணைப் படிக்க வைக்கிறேன் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நான் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கத்துவது நின்றுவிட்டது, உதடு மட்டும் அசைந்தது. தம்பி என்றார், சார் என்றார், மறுபடி தம்பி என்றார். பேனாவை இடது கையில் கொடுத்தேன்.

வக்கீலம்மா என்று சும்மாவா பெயர் வைத்தார்கள். அந்த நிலையிலும் கேட்டார்:

"என்ன எழுதியிருக்குன்னு... படிச்சுக் காட்டு."

"நேத்துப் படிச்சதுதான் அண்ணி. அதுக்கெல்லாம் இப்ப நேரமில்லை" என்றேன்.

போட்டார். தாளை இயந்திரத்தின் பக்கவாட்டில் வைத்து நான் பிடித்துக்கொண்டேன். வாங்கி, மை உலர ஊதி, மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சாவியைப் போட்டேன்.

ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தால் நூறு பேர் கூடுவார்கள். அதனால் துணி வண்டியில் விரிப்புகளுக்கு நடுவில் படுக்க வைத்துப் பின்வாசல் வழியாக அனுப்பினேன். சுத்தமான விரிப்புகள்தான். வண்டி ஓட்டுநரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்: முன்னாள் ஊழியர், உறவினரைப் பார்க்க வந்தவர், பழைய பழக்கத்தில் இயந்திரத்தைத் தொட்டுவிட்டார். உறவினர் நான்தான். பொய் என்று பார்த்தால் பாதிதான் பொய்.

பெரியவருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"நம்ம ஆளா?" என்றார்.

"இல்லை சார். நேத்தே ராஜினாமா."

"அப்ப போர்டு?"

"மாத்த வேண்டியதில்லை."

"பாவம்" என்றார். அவர் நல்ல மனிதர். ஆஸ்பத்திரிக்கு ஒரு கூடைப் பழம் அனுப்பச் சொன்னார், அனுப்பினோம்.

மறுநாள் காலையில் தொண்ணூற்றிரண்டு மாட்டினேன். ஆயிரமாவது நாள் விழா நன்றாக நடந்தது. பெண்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கைத்துண்டு கொடுத்தோம், ஓரத்தில் ஆயிரம் என்று தைத்தது. பெரியவருக்கு வர வேண்டியது வந்தது. எனக்கும் பதவி வந்தது. அண்ணியின் கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஊழியர் இல்லை என்பதால் இழப்பீடு இல்லை. நான் சொன்னபடி பெண்ணின் படிப்புக்குப் பணம் கொண்டுபோனேன். அந்தப் பெண் கதவைத் திறந்து, யார் என்று பார்த்து, மூடிவிட்டாள். சித்தப்பா என்றுகூடக் கூப்பிடவில்லை. கொடுக்கிற கையைத் தட்டிவிடுகிறவர்களை என்ன செய்ய முடியும்?

எட்டு மாதம் அவர் வீட்டில் உட்கார்ந்து இடது கையால் எழுதப் பழகியிருக்கிறார். யார் நினைத்தார்கள்? பழகி, நாலு பக்கப் புகாரைத் தன் கைப்பட எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு உங்களிடம் கொடுத்திருக்கிறார். அதைத்தான் நீங்கள் காலையில் என் முன்னால் வைத்தீர்கள். பக்கத்தில் அவருடைய பழைய ராஜினாமாக்கள் இருபத்தொன்று. எல்லாம் வலது கையில் போட்டவை, நிமிர்ந்த, உருண்டை எழுத்து. அப்புறம் இருபத்திரண்டாவது. பின்பக்கம் சாய்ந்து, தாளில் ஊர்ந்து போகிற எழுத்து. புகாரில் இருக்கிற கையெழுத்தும் அப்படியே சாய்ந்திருக்கிறது. விபத்துக்கு முந்தின நாள், வலது கை நன்றாக இருந்தபோது, அவர் ஏன் இடது கையால் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டீர்கள். இருபத்து நாலு வருடத்தில் நான் விட்ட ஒரே தவறு அதுதான். தேதியைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை.

அவரை உள்ளே அழைத்தபோது எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். தம்பி என்றும் சொல்லவில்லை, சார் என்றும் சொல்லவில்லை. "இவருதான்" என்று உங்களிடம் சொன்னார். பதினோரு வருடம் சாப்பாடு போட்ட ஆளை அப்படிச் சுட்டிக்காட்டுவது நியாயமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை.

ஆமாம், அந்தக் கருவியின் தாள். பதினொன்று ஐந்துக்கு இயந்திரம் நின்றது, பதினொன்று பதினாறுக்கு உருளை தூக்கப்பட்டது. நடுவில் பதினோரு நிமிடம். சாவி என் பையில் இருந்தது. கம்பியைக் கட்டியது நான், டீ இடைவேளையில் நிற்க வைத்தது நான், சட்டை பிடித்ததைப் பார்த்தது நான், கையெழுத்து வாங்கும்வரை திறக்காமல் நின்றது நான். இதில் எதையும் மறுக்கவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, பெரியவர் செய்யச் சொல்லவில்லை, அவருக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இருந்ததில்லை. எல்லாருடைய நன்மைக்காகவும் ஒருவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அந்த ஒருவர் என் குடும்பத்து ஆள் என்பதால் உரிமையோடு கேட்டேன்.

வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டீர்களா? கொடுங்கள். இல்லை, இல்லை, பேனாவை இப்போதே நீட்டாதீர்கள். எத்தனை பக்கம், ஆறா? ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். அதற்குக் கால் மணி நேரமாவது வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று காட்டாமல் ஒரு மனிதனிடம் கையெழுத்து வாங்குவது அநியாயம் ஐயா, அதை மட்டும் நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.